பிரிந்துவந்த பெண்ணின் பாக்கிக் கூலி



இதுதான் தலைப்பு என்று சொன்னதும் ஒருவர் கேட்டார்: "இலக்கிய மேடையில் விவாகரத்தும் ஜீவனாம்சமுமா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறோம்.

தலித் இலக்கியம் வீட்டுக்குள் அடிபடும் பெண்ணை எழுதியிருக்கிறது. 1989-இல் வந்த சிவகாமியின் 'பழையன கழிதலும்', வெளியே தலைவராக இருக்கும் மனிதர் வீட்டுக்குள் எப்படி இருக்கிறார் என்று காட்டியது. 1994-இல் வந்த பாமாவின் 'சங்கதி', புருசனிடம் அடிவாங்கியும் வாய் ஓயாத பெண்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஆனால் அப்படி ஒரு பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டால், மறுநாள் காலையில் உலை வைக்க அவளிடம் என்ன இருக்கிறது? இதை எழுத்தாளர்கள் மட்டும் யோசித்தால் போதாது. இயக்கமும் யோசிக்க வேண்டும். அதனால்தான் இந்த மேடையில் பேசுகிறோம்.

நம் மக்களிடம் ஒரு பெருமை உண்டு. 'கல்லானாலும் கணவன்' என்பது எங்கள் சேரிக்குச் சொன்னதல்ல, எங்களிடம் தீர்த்துவிடும் வழக்கமும் அறுத்துக்கட்டும் வழக்கமும் உண்டு என்று சொல்வோம். அது உண்மை. இந்துச் சட்ட மசோதா விவாதத்தில் அண்ணல் அம்பேத்கர் இதைத்தான் சுட்டிக்காட்டினார். விவாகரத்து என்பது மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை அல்ல, இந்துக்கள் எனப்படுவோரில் மிகப் பெரும்பான்மையான சூத்திர மக்களிடம் வழக்கமாகவே இருப்பது என்று வாதாடினார். அந்த மசோதா முடக்கப்பட்டது, 1951 செப்டம்பரில் அவர் அமைச்சர் பதவியை விட்டதற்கு ஒரு காரணம். பிறகு வந்த 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம், 29-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவில், வழக்கத்தால் ஏற்கப்பட்ட மணமுறிவு உரிமையைக் கைவைக்காமல் விட்டது.

ஆக, பிரிகிற சுதந்திரம் நமக்கு இருந்தது. பிரிந்த பிறகு சாப்பிடுவதற்கு வழி அந்த வழக்கத்தில் இருந்ததா? பல ஊர்களில் பெண் தானாக விலகினால் பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பஞ்சாயத்துக்குத் தண்டம் கட்ட வேண்டும். அண்டா குண்டா திரும்பி வந்தால் பெரிய காரியம். பத்து வருடம் அவள் அந்தக் குடும்பத்துக்குச் சமைத்தாள், களையெடுத்தாள், சூளையில் கல் அறுத்தாள், கூலியை அவன் கையில் கொடுத்தாள், பிள்ளை பெற்றாள், மாமியாரின் மலத்தை அள்ளினாள். அதற்கெல்லாம் எந்தப் பஞ்சாயத்தும் கணக்குப் போடவில்லை. பணமில்லாத சுதந்திரம் ஆணுக்குத்தான் வசதி. அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விடுகிறான். இவள் பிள்ளைகளோடு தாய்வீட்டுத் திண்ணைக்குப் போகிறாள்.

பண்ணையில் உழைத்த கூலிக்குப் பாக்கி வைத்தால் நாம் பிச்சை கேட்பதில்லை. கொடி பிடித்துப் போய்க் கேட்கிறோம். வீட்டுக்குள் கொட்டிய உழைப்புக்கும் அதே நியாயம்தான். ஜீவனாம்சம் என்பது பாக்கிக் கூலி. இந்த உரையில் நாங்கள் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் அந்தப் பாக்கியை வசூலிக்கிற வழிகளும், அதை மறிக்கிற தடைகளும்.

முதல் தடை, தாள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விவாகரத்தானவர்கள் என்று பதிந்தவர்களைவிடப் பிரிந்து வாழ்பவர்கள் என்று பதிந்தவர்கள் இரண்டு மடங்குக்கும் அதிகம். அதாவது இந்த நாட்டில் மணமுறிவுகளில் பெரும்பகுதி நீதிமன்றப் படியேறுவதே இல்லை. சேரியில் நடப்பது நமக்குத் தெரியும். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். ஒரு முத்திரைத்தாள் வாங்கி, "இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்குவார்கள். நோட்டரி முத்திரையும் விழும். அதை விடுதலைப் பத்திரம் என்பார்கள்.

அந்தத் தாள் பெண்ணை இரண்டு பக்கமும் வெட்டும். நீதிமன்றத்தில் அது தானாக விவாகரத்து ஆகிவிடாது. இந்தச் சாதியில், இந்த வட்டாரத்தில் இப்படித் தீர்த்துவிடும் வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் அவள் இன்னும் பழைய கணவனின் மனைவிதான். அவள் மறுமணம் செய்திருந்தால் அந்த மணம் செல்லாது என்று இரண்டாமவன் சொல்லலாம். இன்னொரு பக்கம், கணவனும் மனைவியும் சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று ஜீவனாம்சப் பிரிவிலேயே ஒரு விதி இருக்கிறது. "மனமொத்துப் பிரிகிறோம்" என்ற அந்த ஒரு வரியைக் காட்டி, விவாகரத்தும் ஆகவில்லை, ஜீவனாம்சமும் கிடையாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடுவார். நீதிமன்றத்தில் முறையாக மனமொத்த விவாகரத்து வாங்கிய பெண்ணுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவள் மறுமணம் செய்யாதவரை ஜீவனாம்சம் கேட்கலாம். ஆகவே முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடாதே என்பது முதல் பாடம். ஏற்கெனவே போட்டிருந்தாலும் கதவு மூடிவிடவில்லை. ஜீவனாம்சம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது பொதுநலக் கொள்கைக்கு எதிரானது, அது உரிமையைப் பறிக்காது என்று பல தீர்ப்புகள் சொல்கின்றன.

கிறிஸ்தவத் தலித் பெண்களுக்கு இந்த வழக்கத்தின் கதவும் கிடையாது. அவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம்தான். 2001 திருத்தத்துக்குப் பிறகுதான் அதில் மனமொத்த விவாகரத்து வந்தது. சபை நீதிமன்றம் திருமணத்தை ரத்து செய்தாலும் அரசுச் சட்டத்தின் முன் அது விவாகரத்து ஆகாது. ஆனால் இப்போது சொல்லப்போகிற ஜீவனாம்சப் பிரிவு எல்லா மதப் பெண்களுக்கும் பொது.

அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவு. எண் மாறியிருக்கிறது, உள்ளடக்கம் ஏறக்குறைய அதேதான். ஒரு காலத்தில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் உத்தரவிட முடியாது என்று உச்சவரம்பு இருந்தது. 2001-இல் அது நீக்கப்பட்டது. விவாகரத்து வழக்குப் போட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. பிரிந்திருந்தாலே மனு போடலாம். அவள் இப்போது வசிக்கிற ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம். குடும்பநல நீதிமன்றம் இருக்கிற இடத்தில் அங்கே, இல்லாத இடத்தில் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில். வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் அந்த மனுவை முடிந்தவரை தீர்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கணவன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டாலோ வைத்துக்கொண்டாலோ, இவள் அவனோடு வாழ மறுப்பதற்கு அதுவே போதுமான காரணம்.

எதிர்த்தரப்பில் மூன்று வாதங்கள் வழக்கமாக வரும். ஒன்று, "அவள் கூலிக்குப் போகிறாள், சம்பாதிக்கிறாள்." சதுர்புஜ் எதிர் சீதாபாய் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது: கொஞ்சம் சம்பாதிக்கிறாள் என்பதாலேயே மனுவைத் தள்ள முடியாது, கணவன் வீட்டில் வாழ்ந்த நிலைக்கு ஏற்ப அவள் தன்னைப் பராமரித்துக்கொள்ள அந்த வருமானம் போதுமா என்று பார்க்க வேண்டும். இரண்டு, "எனக்கு வேலை இல்லை." உடல் வலுவுள்ள ஆண், உடலுழைப்பு செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-இல் அஞ்சு கார்க் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. மூன்று, "இவள் என் மனைவியே இல்லை." சேரிக் கல்யாணங்கள் பலவும் இன்னும் வீட்டு வாசலில் நடந்து முடிந்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் 2009 முதல் திருமணப் பதிவு கட்டாயம் என்றாலும் பலரும் பதிவதில்லை. ஆனால் ஜீவனாம்ச வழக்கில் கறாரான திருமண நிரூபணம் தேவையில்லை. ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், பிள்ளையின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்றில் அப்பா பெயர் இவையெல்லாம் பேசும். முதல் மணத்தை மறைத்துக் கட்டிக்கொண்டவன், நீ சட்டப்படியான மனைவி இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்பது 2013-இல் பாத்ஷா எதிர் ஊர்மிளா வழக்கின் தீர்ப்பு. பிள்ளைகளின் உரிமைக்கோ பெற்றோரின் திருமணம் செல்லுமா செல்லாதா என்ற கேள்வியே கிடையாது.

2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் வந்த தீர்ப்பு இரண்டு காரியம் செய்தது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம் மனுப்போட்ட தேதியிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும். வாய்தா மேல் வாய்தா வாங்கி இழுத்தடிப்பவனுக்கு இது ஒரு கடிவாளம். உத்தரவு வந்தும் அவன் கட்டாவிட்டால் வசூல் வாரண்ட் கேட்கலாம். அப்போதும் கட்டாவிட்டால் ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம்வரை சிறை. ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு பாக்கிக்கும் அது சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வாரண்ட் மனு போட வேண்டும். "தருவான், தருவான்" என்று இரண்டு வருடம் காத்திருந்தால் பழைய பாக்கிக்கு இந்த வழி அடைபட்டுவிடும்.

அடுத்தது 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம். அடிதடிக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்று நினைக்கிறோம். பணம் கொடுக்காமல் பட்டினி போடுவதும், அவள் நகையை விற்றுத் தின்பதும்கூட இந்தச் சட்டப்படி பொருளாதார வன்முறை. 19-ஆம் பிரிவு குடியிருக்கும் உரிமைக்கான உத்தரவு. 20-ஆம் பிரிவு பண நிவாரணம். வீடு யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து அவளைச் சட்டப்படியான வழியில் அல்லாமல் வெளியேற்றக் கூடாது. ஆதிதிராவிடர் நலத்துறை மனைப்பட்டாவும் தொகுப்பு வீடும் பல இடங்களில் பெண் பெயரிலேயே இருக்கும். தன் பெயரில் பட்டா உள்ள வீட்டிலிருந்தே துரத்தப்பட்டு, அது தெரியாமல் வாடகைக்கு அலைகிற பெண்கள் இருக்கிறார்கள். முதலில் பட்டாவை எடுத்துப் பாருங்கள். அவள் கொண்டுபோன நகை, பாத்திரம், பீரோ எல்லாம் அவளுடைய முழுச் சொத்து என்று 1985-இலேயே பிரதிபா ராணி வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அவற்றைத் திருப்பித் தரவும் இந்தச் சட்டத்தில் உத்தரவு வாங்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கிற பாதுகாப்பு அலுவலர்தான் இதற்கு வாசல். 181 என்ற எண்ணில் பெண்கள் உதவி மையம் இருக்கிறது.

வக்கீலுக்குப் பணம்? 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பெண் என்றாலே இலவசச் சட்ட உதவிக்குத் தகுதி. பட்டியல் சாதியினர் என்றாலும் தகுதி. வருமான வரம்பு இந்த இருவருக்கும் கிடையாது. நம் பெண் இரண்டு வகையிலும் தகுதி உள்ளவள். தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. தொலைபேசி எண் 15100. அங்கே நியமிக்கப்படும் வழக்கறிஞர் பணம் கேட்டால் அதே குழுவில் புகார் கொடுக்கலாம்.

இவ்வளவு இருந்தும் வழக்கு நாள் எடுக்கும். அதுவரைக்கும் அரசு என்ன தருகிறது? கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியம் இருக்கிறது. 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. இதற்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். சட்டப்படி விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தின் பிரிவுச் சான்று வேண்டும், அல்லது கைவிடப்பட்டு 5 ஆண்டு கடந்திருக்க வேண்டும். இந்த நிபந்தனையைச் சேரியில் வைத்துப் பாருங்கள். 19 வயதில் கட்டிக்கொடுத்து, 24 வயதில் இரண்டு பிள்ளையோடு திரும்பி வந்தவள், முத்திரைத்தாளை மட்டும் வைத்துக்கொண்டு இன்னும் ஆறு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு வருடத்தில் பிள்ளைகள் பள்ளியிலிருந்து நின்றுவிடுவார்கள். வயது வரம்பையும் ஐந்தாண்டு நிபந்தனையையும் எடுத்துவிட்டு, ஜீவனாம்ச மனு நிலுவையில் இருப்பதையே சான்றாக ஏற்க வேண்டும் என்பது நம் கோரிக்கையாக வேண்டும்.

2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையும் ரேஷன் அட்டையில்தான் நிற்கிறது. பிரிந்து வந்தவளின் பெயர் கணவன் வீட்டு அட்டையில் இருக்கும். ஒரு பெயர் இரண்டு அட்டையில் இருக்க முடியாது. பெயரை நீக்கித் தனி அட்டை வாங்காதவரை அரிசியும் அங்கே, தொகையும் அங்கே. ஆகவே வெளியே வந்த பெண் முதல் மாதத்திலேயே செய்ய வேண்டிய வேலை பெயர் நீக்க மனு, தனி அட்டை மனு, இ-சேவை மையம் வழியாகக் கைவிடப்பட்ட பெண் என்ற சான்றிதழுக்கு மனு. இந்தச் சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் பல கதவுகளைத் தட்டலாம். கைம்பெண்கள் மற்றும் ஆதரவற்ற மகளிர் நல வாரியம் ஒன்று. இலவசத் தையல் இயந்திரத் திட்டம் ஒன்று.

அந்தத் தையல் இயந்திரத் திட்டத்தின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டம். 1974-இல், தாழ்த்தப்பட்டோர் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்று சொல்லி அமைச்சர் பதவியை விட்டு வெளியே வந்து, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்டவர் அவர். அவர் பெயரில் உள்ள திட்டத்தை நம் பெண்கள் கேட்டு வாங்குவதும் அவரை நினைவுகூர்வதுதான்.

இனி கடன். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குழுக்கடன் பெண் பெயரில்தான் வாங்கப்படுகிறது. பணம் அவன் பைக்குக்கோ, குடிக்கோ, அவன் தங்கை கல்யாணத்துக்கோ போயிருக்கும். பிரிந்து வந்த வாரமே தவணைக்காரர் தாய்வீட்டு வாசலில் நிற்பார். மற்றக் குழுப் பெண்களும் அவள் மேல் பாய்வார்கள். மைக்ரோ பைனான்ஸ் கடன் குறித்து 2022-இல் ரிசர்வ் வங்கி விதிகள் கொண்டுவந்தது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினரைத் தொல்லை செய்யக் கூடாது. வற்புறுத்தி வசூலிப்பதைத் தண்டிக்க 2025-இல் தமிழ்நாடு அரசும் சட்டம் இயற்றியது. இது கடனை ஒழிக்காது, மூச்சுவிட இடம் தரும். கணவனுக்காக வாங்கிய கடனின் ரசீதுகளையும் தவணை அட்டையையும் உறுதிமொழிப் பத்திரத்தோடு சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சத் தொகையை முடிவு செய்யும்போது அந்தச் சுமையும் நீதிபதியின் கண்ணில் படட்டும்.

இப்போது நமக்குள் பேச வேண்டியதைப் பேசுகிறோம். "நம் பையனை நாமே கோர்ட்டுக்கு இழுப்பதா? ஆதிக்கச் சாதிக்காரன் சிரிக்க மாட்டானா? அவனே கூலிக்காரன், அவனிடம் எதைப் பிடுங்குவது?" இந்தக் கேள்விகள் இயக்கத்துக்குள்ளிருந்தே வருகின்றன. முதல் கேள்விக்குப் பதில்: ஊர்க்காரன் சிரிப்பான் என்பதற்காகச் சேரிப் பெண் பட்டினி கிடக்க வேண்டும் என்றால், நம் மானத்தின் விலையை அவள் மட்டும் கட்டுகிறாள் என்று அர்த்தம். அது சுயமரியாதை ஆகாது.

கடைசிக் கேள்வி நியாயமானது. தினக்கூலிக்காரனை ஒரு மாதம் சிறையில் போட்டால் அவள் வீட்டுக்கு அரிசி வந்துவிடாது. அதற்காக அவன் பொறுப்பு நீங்கிவிடுமா என்றால் நீங்காது. இங்கேதான் அரசைக் கேட்க வேண்டும். ஜெர்மனியில் 1980 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. பிரிந்த பெற்றோரில் ஒருவர் பிள்ளைக்கான பணத்தைக் கட்டாவிட்டால், அரசே அந்தப் பிள்ளைக்கு மாதந்தோறும் முன்பணம் கொடுத்துவிட்டு, கட்ட வேண்டியவரிடமிருந்து தானே வசூலிக்கிறது. 2017 முதல் பிள்ளைக்கு 18 வயது வரை இது நீட்டிக்கப்பட்டது. நீதிமன்றம் உத்தரவிட்ட ஜீவனாம்சத்தை அரசு முதலில் கொடு, பிறகு நீ வசூலித்துக்கொள் என்று தமிழ்நாட்டில் நாம் ஏன் கேட்கக் கூடாது? வாரண்டைக் கையில் வைத்துக்கொண்டு காவல்நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் பஸ் ஏறுகிற வேலை ஏன் அந்தப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும்?

கோரிக்கை நிறைவேறும்வரை நம்மால் முடிந்தது சில உண்டு. ஒவ்வொரு கிளையிலும் படித்த இரண்டு பெண்கள் இந்த வேலைக்கென்று இருக்க வேண்டும். வெளியே வந்த பெண்ணுக்கு ஒரு கோப்பு போட வேண்டும். ஆதார், ரேஷன் அட்டை நகல், சாதிச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கல்யாணப் புகைப்படம், பட்டா நகல், நகை அடகு ரசீது, குழுக்கடன் அட்டை, மருத்துவமனைச் சீட்டு, அவன் வேலை செய்யும் இடம், அவன் ஓட்டும் வண்டியின் எண் எல்லாம் அதில் இருக்கட்டும். முதல் வாய்தாவுக்கு அவளோடு இரண்டு பேர் போய் நிற்கட்டும். தனியாக நிற்கிற பெண்ணிடம்தான் "சமாதானமாகப் போய்விடு அம்மா" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்க்க உட்கார்ந்தால், உட்காரட்டும். ஆனால் அங்கே பெண்களும் சரிபாதி உட்கார வேண்டும், முத்திரைத்தாளில் எழுதுவதற்குமுன் சட்டப் பணிகள் குழுவில் கேட்க வேண்டும்.

எழுத்தாளத் தோழர்களிடமும் ஒன்று கேட்கிறோம். இந்தப் பெண்களின் மனுக்களை எழுதிக் கொடுங்கள். எத்தனை வருடம் உழைத்தாள், எவ்வளவு கூலி கொடுத்தாள், எது அடகுக்குப் போனது என்று நாள் குறித்து, தொகை குறித்து, அவள் சொல்கிறபடியே எழுதுங்கள். நீதிமன்றத்தில் அவளுக்காகப் பேசப் போவது அந்தக் கணக்குத்தான்.